தலையாட்டிய போட்டும் கனுமு வடையும்

எங்கள் மாமாவின் மோட்டார் போட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மெதுவாகப் போனால் பரம சாது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் போதும், மூக்கைத் தூக்கும், தொப்பென்று போடும், மறுபடியும் தூக்கும். பூம்பூம் மாடு தோற்றது! வேறு எந்தக் காரியத்துக்கும் இது பெரிய குற்றமில்லை. கனுமு பந்தயத்துக்கு இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊர். பொங்கலுக்கு மறுநாளான கனுமு அன்று வீட்டுக்கொரு போட்டு, போட்டுக்கொரு பொங்கல் பானை. அந்த வீட்டுப் பெண் குழந்தை பானையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார வேண்டும். ஏரி நடுவில் நட்ட கம்பத்தைச் சுற்றித் திரும்பி, கரையிலிருக்கும் அம்மனிடம் எந்தப் பானை முதலில் வருகிறதோ அதற்குத்தான் முதல் படையல். ஒரு பிடி சிந்தினாலும் தள்ளுபடி. முந்தின வருஷம் எங்கள் பானை சிந்தவில்லை, பறந்தது. அதைப் பிடித்திருந்த சித்தி மகள் முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்று அழுதாள். அம்மா விடியலில் பொங்கிய பொங்கலை மீன்கள் தின்றன.

இந்த வருஷம் மார்கழி பிறந்ததும் அம்மா தன் தம்பியை, அதாவது எங்கள் மாமாவை, நடுத்தெருவில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்:

"இன்னொரு வாட்டி பானை கவுந்துச்சுன்னா, அந்த இஞ்சின எடுத்து உங்க மாமா நண்டு போட்டுல மாட்டிக்குவாரு. அப்புறம் நீ கரைல உக்காந்து அதப் பாத்துக்கினு இரு."

'உங்க மாமா' என்றது என் நைனாவை. நைனாவுக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதோடு அம்மா மாமாவிடம் பேச்சையும் நிறுத்தினாள். மாமா ஆடிப்போனார். ஸ்ரீசிட்டியில் ஃபைபர் தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை. ஞாயிறு தவறாமல் தன் கையாலேயே அடுக்கடுக்காக ஒட்டி வளர்த்த போட்டு அது. இஞ்சின் போய்விட்டால் அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிதான்.

மார்கழி முழுக்க வெள்ளோட்டம். இஞ்சினின் சாய்வை மாற்றப் பின்பக்கம் வரிசையாக ஓட்டைகள் உண்டு. கம்பியை எந்த ஓட்டையில் செருகுகிறோமோ அந்தச் சாய்வு. வெளியே சாய்த்தால் மூக்கு எழும்பும். உள்ளே இழுத்தால் அமுங்கும். போட்டோவில் கம்பீரமாக இருக்கிறது என்று மாமா மூக்கைத் தூக்கி வைத்திருந்தார். கூடவே, ஏரி ஆழமில்லாததால் தண்ணீரைத் தள்ளும் விசிறி சேற்றில் மாட்டாதபடி இஞ்சினை உயரத்தில் மாட்டியிருந்தார். அதனால் திருப்பங்களில் விசிறி தண்ணீரை விட்டுக் காற்றைக் கடித்தது. சத்தம் ஆகாசத்துக்குப் போகும், போட்டு போகாது!

மாமா அவசரக்காரர். ஒரே நாளில் சாய்வையும் மாற்றினார், உயரத்தையும் மாற்றினார், பெட்ரோல் டேங்கையும் நகர்த்தினார். போட்டு இப்போது தலையையும் ஆட்டியது, இடுப்பையும் ஆட்டியது. கரையில் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. கையிலிருந்த இறாலிடம் சொன்னாள்:

"உப்பையும் புளியையும் ஒண்ணாக் கொட்டினா, எது ஜாஸ்தின்னு எந்த நாக்குக்குத் தெரியும்?"

மறுநாளிலிருந்து மாமா ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினார். இஞ்சினை ஒரு விரற்கடை இறக்கினார். காற்றைக் கடிப்பது நின்றது. கம்பியை ஓர் ஓட்டை உள்ளே தள்ளினார், தலையாட்டம் பாதியானது. இன்னோர் ஓட்டை தள்ளினால் மூக்கு தண்ணீரை உழுதது, வேகம் செத்தது. பழைய ஓட்டைக்கே வந்து, டேங்கைப் பின்னாலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். முழு வேகத்தில் மட்டும் இன்னும் ஒரு சின்னத் தலையாட்டல் மிச்சம். முன்னால் ஒரு மணல் மூட்டை போட்டார். போட்டு பாய்ந்தது பாருங்கள், இஸ்திரிப் பெட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது!

ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கூடாது என்று தலையசைத்துவிட்டார்கள். அம்மன் பானை ஏறும் போட்டில் மண் ஏறக் கூடாது. மண்ணோடு போவது வேறு பயணமாம்.

மாமா இடிந்துபோய் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நான் மூன்றாவது தட்டுச் சோற்றில் இருந்தேன். என்னையே வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லப் பிரகாசமானது.

"இந்த வருசம் நீதான்டி கேப்டன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை! மற்ற வீடுகளில் வேகத்துக்காக இருப்பதிலேயே ஒல்லியான பெண்ணைத் தேடி உட்கார வைப்பார்கள். நான் ஒல்லி என்று என் பகையாளிகூடச் சொன்னதில்லை. ஆகவே என்னைத் தேர்ந்தெடுத்தது முழுக்க முழுக்க அறிவுக்காகத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கனுமு காலை. அம்மா மாமாவோடு இன்னும் பேசவில்லை. ஆனால் என் தட்டில் வடை வந்துகொண்டே இருந்தது.

"போதும்மா."

"கனுமன்னிக்கு உளுந்து துன்னணும்டி. துன்னு."

தின்றேன். பிறகு பட்டுப் பாவாடை, அதன்மேல் மாமாவின் ஆரஞ்சு மிதவைச் சட்டை, மடியில் பானை. போதாததற்குக் காலடியில் தண்ணீர் நிறைந்த ஒரு பித்தளைக் குடம். தாகமெடுத்தால் குடிக்க வேண்டுமாம். குடத்தையா?

பக்கத்து வீட்டு சித்தப்பா தன் போட்டிலிருந்து கத்தினார்: "ஏம்ரா, பூசணிக்காய ஏத்திக்கினு எங்க போற? சந்தைக்கா?"

"உன் போட்டுல முருங்கக்காய் ஏறும்போது என் போட்டுல பூசணி ஏறக் கூடாதா சித்தப்பா?" என்றேன். கேப்டன் பதில் சொல்லாமல் இருக்கலாமா!

வெடி வெடித்தது. கிளம்பினோம். கம்பத்தைச் சுற்றும்போது சித்தப்பாவின் விசிறி காற்றைக் கடித்து அலறியது; எங்களுடையது கடிக்கவில்லை. முந்திவிட்டோம்! மாமா முழுக்கத் திருகினார். காற்று முகத்தில் அறைந்தது. பயத்தில் நான் பின்னால் சாய்ந்தேன். அவ்வளவுதான், பழைய வியாதி வந்துவிட்டது. மூக்கு மேலே, கீழே, மேலே. பானையின் விளிம்பு வரை பொங்கல் வந்து வந்து எட்டிப் பார்த்தது. மாமா பின்னால் என்னவோ கத்தினார். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

கரையில் அம்மா தெரிந்தாள். கோயில் வாசலில் இடுப்பு மடங்கக் குனிந்து நிமிர்ந்தாள். மறுபடி என்னைப் பார்த்துக் குனிந்தாள். அம்மனைக் கும்பிடுகிறாள்! என்னையும் கும்பிடச் சொல்கிறாள்! பானையைக் கட்டிக்கொண்டு, நெற்றி முன்பலகையில் முட்டும் அளவுக்கு நானும் குனிந்து அம்மனைக் கும்பிட்டேன்.

போட்டு அடங்கியது. அதட்டினாற்போல் அடங்கியது. ஒரு பருக்கை சிந்தவில்லை. சித்தப்பா வந்து சேர்வதற்குள் பானை அம்மன் காலடியில் இருந்தது. இஞ்சின் மாமாவுக்கே என்று ஆயிற்று. அம்மன் மகிமை என்றார்கள் பெண்கள். கண்ணால் கண்டவள் நான், ஆமாம் என்று சத்தியம் செய்தேன்.

இப்போது திருப்பதியில் மெக்கானிக்கல் படிக்கிறேன். புத்தகத்தில் ஈர்ப்பு மையம் முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் எனக்கு உளுந்து வடை வாசனை அடிக்கிறது.

அன்று உடம்பெல்லாம் உப்புத் தண்ணீரோடு கரையில் குதித்தேன். கோயிலை ஒட்டி ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கேப்டன் குளிப்பதற்கு யாரோ சுமந்து நிரப்பியிருக்கிறார்கள் என்று சொம்போடு ஓடினேன். அம்மா என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள்.

"அது உனக்கில்லடி."

பிறகு, ஒரு மாதத்துக்கு அப்புறம் முதன்முதலாக, மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "இஞ்சினக் கயட்டி இதுல ஓட வுட்டுக் கழுவு. உப்பு அரிச்சிடும், அடுத்த வருசம் வாணாமா?"

பந்தயத்தில் ஜெயித்தவள் இங்கே நிற்க, ஓர் இஞ்சினுக்குப் போய் நல்ல தண்ணீரா என்று எனக்கு அன்றைக்கு முழுக்கக் கோபம்.