வியாழக்கிழமை நோன்பு

போன வியாழக்கிழமை மடுல்சீமையில் ஒரு மய்யித்து வீட்டில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அவமரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதை! அதுதான் வில்லங்கமே.

காலையில் பதுளையில் பஸ் ஏறியவன் நான். பஸ்கள் அரசாங்கத்துக்குப் போன பிறகும் மடுல்சீமை ரோடு பழைய ரோடாகத்தான் இருக்கிறது. பாதி வழியில் பஸ் மக்கர் பண்ண, மழையில் இரண்டு மைல் நடந்தேன். ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது தொண்டை வறண்டு கிடந்தது. மய்யித்து வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் அல்லவா? பக்கத்துத் தோட்ட லயத்துச் சனங்கள் ஒரு வாளி நிறைய டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இஞ்சி வாசம் வாசல் வரைக்கும் வந்தது.

இறந்தவரின் மருமகன் சலீம் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். என் முன்னால் வந்ததும் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர். மறந்தே போயிட்டேன்... இன்னைக்கு வியாழக்கிழமை. நீங்க நோன்பு புடிக்கிறவங்களாச்சே! மாமா சொல்லாத நாளில்ல."

நான் என்ன சொன்னேன்? "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று. அதைப் பொய் என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. பொய் சொல்வதில் எனக்கு அவ்வளவு பழக்கம்.

பேப்பரில் வருகிற இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு ஒழுங்குகளைப் பற்றி எழுதினேன். பிஸ்மி சொல்லித் தொடங்க வேண்டும், வலது கையால் உண்ண வேண்டும், அடுத்தவர் பக்கம் கையை ஓட்டாமல் தன் முன்னால் உள்ளதை எடுக்க வேண்டும், சூடான டீயை ஊதக் கூடாது, உட்கார்ந்து மூன்று மிடறாகக் குடிக்க வேண்டும், உணவில் குறை சொல்லக் கூடாது... எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்ந்து உண்பதில்தான் பரக்கத், இறைவனின் அருள், இருக்கிறது என்று ஒரு போடு போட்டிருந்தேன். சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் ஆறு கைகள் இறங்குகிற நம்முடைய வழக்கத்தை வானளாவப் புகழ்ந்திருந்தேன். நல்ல பெயர் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள்கூடப் பாராட்டினார்கள்.

அந்தப் பத்தியை வெட்டி, சோற்றுப் பசை தடவி, தன் கடைத் தூணில் ஒட்டிவைத்தவர் காசிம் நானா. போன வியாழக்கிழமை நாங்கள் அடக்கியது அவரைத்தான்.

மடுல்சீமையில் அவருக்குச் சின்னச் சில்லறைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மாவும் பருப்பும் கருவாடும் வாங்க வருகிற தோட்டத்துச் சனங்களை நிறுத்திவைத்து, என் பத்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாராம். அவர்கள் இந்துக்கள். பாவம், பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு முந்திய வருஷம் அவருக்கு நெஞ்சில் சயரோகம் வந்தது. பதினொரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குணமாகித்தான் திரும்பினார். அவரைப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா, "இனிப் பயப்பிட ஒண்டுமில்லை, ஒருத்தருக்கும் தொத்தாது" என்று சொல்லிக் கடிதமும் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைக் காசிம் நானா சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். யாரும் கேட்காமலே எடுத்துக் காட்டுவார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

திரும்பி வந்த கையோடு மகள் ருகையாவுக்குக் கல்யாணம் வைத்தார். அதுவும் ஒரு வியாழக்கிழமை.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பாய் விரித்து, சஹன்களை வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஹல்துமுல்லையிலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணின் வாப்பாவோடு முதல் சஹனில் உட்காருவதற்கு அடிபிடியே நடக்கும், இல்லையா? அன்று நடக்கவில்லை. ஒருவர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஒருவர் மச்சானைத் தேடிப் போனார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மற்ற சஹன்களில் ஏழு பேர், எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காசிம் நானாவின் சஹனில் அவர் மட்டும். சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. ஐந்து இடம் காலி.

யாரும் ஒரு வார்த்தை கடினமாகப் பேசவில்லை. மகளின் கல்யாண நாளில், சொந்த வீட்டில், ஒரு மனிதன் தன்னோடு உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்டர்! நீங்க வாங்க. நீங்க உக்காந்தா மத்தவங்களும் உக்காருவாங்க. நீங்கதானே எழுதுனீங்க..."

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தேன். என் கூடப்பிறந்த தம்பி அந்த நோயில் இரத்தமாகக் கக்கித்தான் போனான். வீட்டில் எனக்கு இரண்டு கைக்குழந்தைகள். டாக்டருடைய கடிதம் என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சோற்றில் இறங்கப்போகும் கை அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? நான்தான் ஒழுங்குகள் தெரிந்தவன் ஆயிற்றே!

"நானா, இன்னைக்கு வியாழக்கிழமை. எனக்கு சுன்னத்தான நோன்பு" என்றேன். கடமையில்லை, விரும்பியவர்கள் திங்களும் வியாழனும் பிடிக்கிற நோன்பு அது.

நோன்பாளியை விருந்துக்கு அழைத்தால் அவன் உண்ண வேண்டியதில்லை, வீட்டாருக்காகத் துஆக் கேட்டால் போதும் என்பது முறை. அதையும் விடவில்லை. அந்தச் சஹனுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் ஏந்தி, இந்த வீட்டாருக்கு பரக்கத் செய்வாயாக என்று துஆக் கேட்டேன். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். காசிம் நானாவும் சொன்னார்.

காலையில் நான் வீட்டில் சாப்பிட்ட இடியப்பம் வயிற்றில் அப்படியே இருந்தது.

"அப்படின்னா நானும் மஹ்ரிபுக்கே தின்னுக்கிறேன் மாஸ்டர். நோன்பு தொறந்து ரெண்டு பேருமா ஒண்ணா உக்காருவோம்" என்று சொல்லிவிட்டு, சஹனை மூடி உள்ளே அனுப்பினார். பிறகு செம்பும் படிக்கமும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்து மஹ்ரிபு வரைக்கும் நான் இருப்பேனா? கடைசி பஸ் ஐந்து மணிக்கு. நாலரைக்கே யாருக்கும் சொல்லாமல் நழுவினேன். சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடையில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு பணிஸ் தின்று ஒரு டீ குடித்தேன். நல்ல பசி.

அதற்குப் பிறகு காசிம் நானா சரக்கெடுக்கப் பதுளைக்கு வருவதெல்லாம் வியாழக்கிழமைகளில்தான். என்னைக் கண்டால் ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார். "ஒரு டீ குடிப்போம்னு கூப்பிடலாம். மாஸ்டருக்குத்தான் நோன்பாச்சே" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். வெள்ளந்தி மனுஷன், அப்படியே நம்பிவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். சில வியாழன்களில் வெட்கத்தில் நிஜமாகவே நோன்பு பிடித்ததும் உண்டு.

போன வாரம் மாவு நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. சயரோகம் திரும்பி வரவே இல்லை. ருகையாவும் சலீமும் அவர்களுடைய குழந்தையும் இரண்டு வருஷமாக அவரோடுதான் இருந்தார்கள், அவரோடுதான் உண்டார்கள். எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள்.

நான் விடைபெற எழுந்தபோது, உள்கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ருகையாவின் குரல் வந்தது.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு புள்ள."

"எங்க கல்யாணத்தன்னைக்கு நீங்க சொல்லாமப் போயிட்டீங்க. பஸ்ஸுல வச்சு நோன்பு தொறக்கட்டும்னு வாப்பா சோத்துப் பொதி கட்டிக்கிட்டு சந்திக்கு ஓடுனாங்க. கொஞ்ச நேரத்துல பொதியோட திரும்பி வந்துட்டாங்க. பஸ்ஸு போயிருச்சுன்னாங்க."

நான் திரைப் பக்கமாகத் திரும்பினேன்.

"ஆனா பஸ்ஸு அதுக்கப்புறந்தான் போச்சு மாஸ்டர். இந்த ஜன்னலால பாத்தா சந்தி தெரியும். நீங்க ஏறுனதயும் பாத்தேன். வாப்பா பொய் சொல்றவங்க இல்ல. ஏன் அப்படி சொன்னாங்கன்னு கேட்டா சிரிச்சிக்கிட்டே போயிருவாங்க. அன்னைக்கு அவங்க ஒரு வாய்கூடத் தின்னல. பொதிய லயத்துப் புள்ளைகளுக்குக் குடுத்துட்டாங்க. இனி யாரைக் கேக்குறது... உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அவர் தேத்தண்ணிக் கடை வாசல் வரை வந்திருக்கிறார். என் முதுகைப் பார்த்திருக்கிறார். கையிலிருந்த பணிஸையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, ஊரெல்லாம் என்னை நோன்பாளி என்று சொல்லிவைத்தார். அடுத்தவன் குறையை மூட வேண்டும் என்று நான் எந்தப் பத்தியிலும் எழுதியதில்லை. அவர் அதை எங்கே படித்தாரோ!

மறுபடி பாயில் உட்கார்ந்தேன்.

"சலீம், எனக்கு ஒரு டீ குடுங்க."

"மாஸ்டர்... நோன்பு?"

"இல்ல. இன்னைக்கும் இல்ல, உங்க கல்யாணத்தன்னைக்கும் இல்ல. உங்க மாமாவோட ஒரே சஹன்ல உக்காரப் பயந்து பொய் சொன்னேன். சந்திக் கடையில நான் தின்னத அவர் பாத்துட்டார். அதான் பொதியோட திரும்பி வந்தார்."

சபையிலிருந்த ஹல்துமுல்லைக்காரர்கள் தலை குனிந்துகொண்டார்கள். திரைக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது.

சலீம் வாளியின் அடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். உட்கார்ந்தபடி, வலது கையால் வாங்கி, பிஸ்மி சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தேன். எதிரே கடைத் தூணில் என் பத்தி பழுப்பேறி ஒட்டியிருந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. உணவில் குறை சொல்லக் கூடாது... அதையும் நான்தான் எழுதினேன்.