பின்சக்கர மட்கார்டு

காருக்குப் பெயிண்ட் அடிப்பதில் கலர்க்காரரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சந்தேகப்படுவதிலும் கிடையாது. பளபளவென்று வந்து நிற்கிற காரைச் சுற்றி ஒரு நடை நடப்பார். விரல் நகத்தால் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். "இது அடி வாங்கின வண்டி, இந்தக் கதவு மட்டும் பின்னால அடிச்சது" என்பார். சொந்தக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மசியமாட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதுதான் வினையே. ஒரு தடவை தப்பியிருந்தால் மனுஷன் கொஞ்சம் அடங்கியிருப்பார்.

வீட்டிலும் அதே கண். டாக்டர் எழுதிய மாத்திரையை இரண்டு மருந்துக்கடையில் காட்டி, இரண்டிலும் ஒன்றையேதான் கொடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். அவர் மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் பிரிவில் இருந்தாள். அரை மணி தாமதமாக வந்தால் பஸ் எந்தத் தெருவில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேள்வி வரும். "துப்பறியும் சார், முதல்ல செருப்பக் கழட்டிக்கிறேன், அப்புறம் விசாரிங்க" என்பாள்.

இப்படிப்பட்டவர் மேல்தான் ஒரு நாள் சாயங்காலம், பட்டறையிலிருந்து சைக்கிளில் திரும்புகையில், தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு கார் பின்னாலிருந்து மோதிவிட்டு நிற்காமல் போனது. விழுந்து கிடந்தவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு நீலம். வலது முழங்கால் இரண்டாக மடங்கி, மடங்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ரொட்டி வண்டி ஓட்டுகிற ஒருவர்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சட்டையெல்லாம் ரத்தம். விடிகிறவரை உடன் இருந்தார். போலீசிடம், "கருநீலக் காரு சார், இடது பக்க லைட்டு உடைஞ்சிருந்துச்சு, கடைசி ரெண்டு நம்பர் மட்டும் பாத்தேன்" என்று எல்லாவற்றையும் சொன்னார். கலர்க்காரர் படுக்கையில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவன் எதற்கு இவ்வளவு செய்கிறான்? மறுநாள் போலீஸ்காரரைக் கிட்டே அழைத்து, அந்த ரொட்டி வண்டியின் முழு நம்பரையும் காதோடு சொன்னார்.

"முதல்ல ஓடி வந்தவன் யாரு சார்? இவன்தானே? அவன் வண்டியையும் ஒரு பார்வை பாத்துடுங்க."

பார்த்தார்கள். அந்த ஆளை அரை நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அன்றைய ரொட்டி முழுக்கக் காய்ந்து போயிற்று. அதற்குப் பிறகு ரொட்டி வண்டிக்காரர் போனை எடுக்கவில்லை. கலர்க்காரரின் மனைவி நேரில் போய்க் கெஞ்சியபோது, "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நல்லா ஆகட்டும். கோர்ட்டு கீர்ட்டுன்னு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவள் வீடு வரும்வரை அழுதாள். கலர்க்காரரோ, "பாத்தியா, நழுவுறான்" என்றார்.

ஆனால் அந்த நல்ல மனிதர் சொன்ன அடையாளத்தை வைத்துப் பத்தாம் நாள் போலீஸ் ஒரு காரைப் பிடித்துவிட்டது. கருநீலம். இடது விளக்கு புதிதாக மாற்றியிருந்தது. வீட்டு கேட்டில் இடித்துவிட்டதாகச் சொந்தக்காரர் சொன்னார்.

வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீல் ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையாக விளக்கினாள். "இடிச்ச வண்டி எதுன்னே தெரியலன்னா அரசாங்கம் ஒரு சின்னத் தொகை கொடுக்கும், அவ்வளவுதான். இந்தக் கார்தான்னு நிரூபிச்சிட்டா அதோட இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டஈடும் கொடுத்தாகணும், ஐயா. ஆபரேஷன் செலவும் அதுல வந்துடும்."

அந்த ஆபரேஷன்தான் முக்கியம். எலும்பு கூடிவிட்டது, மூட்டு மடங்கவில்லை. இன்னொரு தடவை திறந்து சரிசெய்தால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடங்காத காலோடு காரின் கூரைக்குப் பெயிண்ட் அடிக்கலாம். கதவின் கீழ்ப்பாதிக்கு அடிக்க முடியாது. குந்த வேண்டும். பட்டறை முதலாளி தங்கமானவர், "நீங்க வர்றவரைக்கும் உங்க இடம் காலியாவே கிடக்கும்ணே" என்றிருந்தார். பாதிக் கார் பெயிண்டருக்கு எத்தனை நாள் இடம் காலியாக இருக்கும் என்று கலர்க்காரருக்குத் தெரியும். எல்லாம் அந்தக் கால் மடங்குவதில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பின்னாலிருந்து மோதின கார் தன் நிறத்தைச் சைக்கிளின் பின் மட்கார்டில் விட்டுத்தான் போயிருக்கும். இது அவர் தொழில். விழுந்த சைக்கிளை யாரோ கொண்டுவந்து அவர் பட்டறையில் போட்டிருந்தார்கள். போலீஸ் எடுத்துப்போவதற்கு முன், மனைவியை அனுப்பி அந்த மட்கார்டை மட்டும் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னார்.

"போலீஸ்ல கேப்பாங்களே?"

"எங்கயோ விழுந்துடுச்சுன்னு சொல்லு. காசுள்ளவன் காரு. ஸ்டேஷனுக்குள்ள போனா இது வெறும் தகரமாத்தான் திரும்பி வரும்."

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பார்த்தார். இருந்தது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நீலக் கீறல். வலிக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வக்கீலிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணையும் யாராவது விலைக்கு வாங்கிவிட்டால்? முதலாளியிடம் சொல்லவில்லை. அந்தக் கார் எப்போதாவது அவரிடம் வேலைக்கு வந்திருந்தால்? வருகிறவர் போகிறவர் கண்ணெல்லாம் கட்டிலுக்கு அடியில் போவதாகவே அவருக்குத் தோன்றியது. காலை விந்தி விந்தி நடக்கிற மனுஷன் இரண்டு மாதம் வாசலுக்குக்கூடப் போகாமல் காவல் இருந்தார்.

வெயில் காலம் வந்தது. கீறல் ஓரத்தில் செதில் செதிலாக எழும்பியது. ஒரு செதில் அவர் கண் முன்னாலேயே உதிர்ந்து விழுந்தது. பெயிண்ட் உரிகிறதென்றால் அவர் கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில், சின்ன பிரஷ்ஷால் கீறல் மேல் இரண்டு கை வார்னிஷ் கொடுத்தார். கண்ணாடிபோல் நிறமே இல்லாத வார்னிஷ். ஓரத்தில் எழும்பியிருந்ததை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்துவிட்டுத்தான் அதைப் பூசினார். வேலை என்றால் வேலை.

மனைவி உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்ன நாத்தம் இது?"

"தின்னர். பழைய கறை ஒண்ணு, கைல இருந்துச்சு."

அவளிடமும் மறைத்தார். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. தங்கைக்கு ஒரு வாய் உண்டு.

விசாரணை நாளில், வக்கீலுக்கே தெரியாமல் கொண்டுபோயிருந்த போர்வையைக் கோர்ட்டில் பிரித்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏன் ஐயா எங்கிட்ட சொல்லல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நீதிபதி மட்கார்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்றரை மாதம் கழித்து அறிக்கை வந்தது. நீலம் அந்தக் காரின் நீலத்தோடு பொருந்துகிறது. ஆனால் மேலே புது வார்னிஷ் இருக்கிறது, ஓரங்கள் தேய்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நீலம் மோதியதால் ஒட்டியதா, பிறகு பூசப்பட்டதா என்று சொல்ல இயலாது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். வழுக்கைத் தலை, இனிமையான குரல். கலர்க்காரருக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"என்ன தொழில் பண்றீங்க?"

"காருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

"கெட்டிக்காரர்னு சொல்றாங்க. ஒரு காரோட கலர நீங்க அப்படியே கலந்து கொண்டுவர முடியுமா? ஓரளவுக்காவது?"

அந்த 'ஓரளவு' அவர் நெஞ்சில் தைத்தது. தன் வக்கீல் பதறிக் கையைத் தூக்கியதை அவர் பார்க்கவே இல்லை.

"ஓரளவா? எந்தக் கலர வேணா கொடுங்க, அச்சு அசலா கொண்டுவருவேன். கம்பெனிக்காரனே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது."

"நன்றி ஐயா" என்று வழுக்கைத் தலை உட்கார்ந்துவிட்டார். வேறு கேள்வியே கேட்கவில்லை. கலர்க்காரர் வெற்றியோடு மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது, கூண்டை விட்டு இறங்குகிற மூன்றாவது படியில்தான் அவருக்கு உறைத்தது.

தீர்ப்பு வந்தது. மோதிய வாகனம் இதுதான் என்று நிரூபிக்கப்படவில்லை. அடையாளம் தெரியாத வாகனத்துக்கு உரிய சின்னத் தொகை மட்டும். ஊன்றுகோலுக்கும் பாக்கி மருந்துக்கும் அது போதும். கால் மடங்காது.

கோர்ட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வலது காலை நடைபாதைக்குக் குறுக்கே நீட்டியிருந்தார். வேறு எப்படியும் வைக்க முடியாது. போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எல்லாரும் சேந்து வித்துட்டாங்க" என்றார். "அந்த வக்கீல் பொண்ணு முதற்கொண்டு."

மனைவி, "ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க" என்றாள்.

"கேளு."

"அன்னிக்கு மட்கார்ட நான்தானே கழட்டினேன். அதுல சேறுதான் அப்பியிருந்துச்சு. நீலமா நான் எதையும் பாக்கல. அப்புறம் ஒரு நாள் வீடு பூரா பெயிண்ட் வாசனை. கைய கழுவினேன்னு சொன்னீங்க." அவர் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்தே கேட்டாள். "அந்த நீலம் நீங்க அடிச்சதில்லையே?"

கலர்க்காரர் வாயைத் திறந்தார். சேற்றுக்கு அடியில் இருந்ததைச் சொல்லலாம். உதிர்ந்த செதிலைச் சொல்லலாம், வார்னிஷைச் சொல்லலாம். எதற்கும் அவரைத் தவிர சாட்சி இல்லை. இருந்த ஒரு சாட்சியையும் அவரே விரட்டியிருந்தார்.

"இல்லம்மா" என்றார். "சத்தியமா இல்ல."

"சரி" என்றாள் அவள். "நம்பறேன்."

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, திரும்பிக் கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டு, ஜன்னலோரம் உட்கார வைத்து, நீட்டிய காலை யாரும் மிதிக்காதபடி தன் பையைக் குறுக்கே வைத்தாள். வழியெல்லாம் அவர் ஓரக்கண்ணால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நிஜமாகவே நம்புகிறாளா, சும்மா சொன்னாளா என்று அவருக்குக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.