பெரிய கங்காணியின் தகடும் என் லேத் மெஷினும்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு திருட்டு நடந்தது. திருடன் நான்தான்.

சனிக்கிழமை மச்சான் மகள் ஷெரினுக்குக் கல்யாணம். மச்சான் என்றால் என் மனைவி ரெஜினாவின் அண்ணன், லுணுகலைக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிபர். மண்டபத்தில் ஏற்றுவதற்கு மாமியார் விட்டுப்போன பித்தளைக் குத்துவிளக்கைத்தான் வைக்க வேண்டும் என்பது குடும்பத் தீர்மானம். எங்கள் கல்யாணத்திலும் அதைத்தான் ஏற்றினோம்.

புதன்கிழமை எடுத்துத் துடைத்தால்... தண்டின் இரண்டு பாகத்தையும் இணைக்கிற திருகாணியில் மரை முழுக்கத் தேய்ந்திருந்தது. நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்தது. ரெஜினாவின் கண் கலங்கிவிட்டது.

"அம்மா வெளக்கு இல்லாம எப்படிங்க புள்ளைய அனுப்புறது?"

"நம்ம மெஷின் எதுக்கு இருக்கு? புதுத் திருகாணி ஒண்ணு கடைஞ்சி தாரேன்."

"அந்த மெஷின்ல இதுவரைக்கும் என்னா செஞ்சிருக்கீங்க?"

ஒரு பேப்பர் வெயிட் செய்திருக்கிறேன். அது உருளும் என்பது வேறு விஷயம்.

மெஷின் என்பது என் சின்ன லேத். உலோகத் துண்டைச் சுழலவிட்டு, பக்கத்தில் ஒரு கட்டிங் டூலை வைத்துச் சீவுவது. கரட் சீவுகிற மாதிரிதான். என்ன, இதில் கரட்டும் சுற்றும்!

டூல் வாங்கிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தேன். ஏழு டூல், நீலப் பூச்சு, தங்க நிறத்தில் நுனி. சாரி எடுக்கப் போன ஆள் மாதிரி நிறம் பார்த்து வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் பெரிய மெஷினுக்கு உரியதாம். பித்தளைக் கம்பியில் வைத்ததும் என் மெஷின் நடுநடுங்கி ஓலமிட்டது. பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

கடைசியில், பசறை ரோட்டு கராஜில் வேலை செய்யும் நண்பர் ஒரு சாம்பல் நிறக் கம்பித் துண்டைத் தீட்டிக் கொடுத்தார். எட்டு மில்லிமீட்டர் அகலம். பார்க்க ஒன்றுக்கும் உதவாது. "பித்தளைக்கு மேல்பக்கம் தட்டையா, நுனி கூரா இருந்தா போதுங்க. நெறத்துல என்னா இருக்கு?" என்றார்.

டூல் சரி. மாட்டுவதில்தான் வந்தது வினை. டூலின் நுனி, சுழலும் கம்பியின் மையத்துக்கு நேராக இருக்க வேண்டும். நுனிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு ஸ்டீல் ரூலரை மெல்ல நெருக்கிப் பார்ப்பார்கள். நேராக நின்றால் சரி. என் ரூலர் என் பக்கமாகச் சாய்ந்தது. அதாவது, நுனி தாழ்வு. அப்படியே சீவினால் முகப்பின், அதாவது கம்பியின் வெட்டுமுனையின், நடுவில் பொட்டு மாதிரி ஒரு மேடு மிஞ்சும். மேடு இருந்தால் திருகாணி தட்டையாக உட்காராது, விளக்கு மறுபடி சாயும்.

டூலுக்கு அடியில் எதையாவது வைத்து இரண்டு மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். பிஸ்கட் டின் தகரம், அரம்வாள் பிளேட், விசிட்டிங் கார்ட்... அடுக்கினேன். இறுக்கினால் அடுக்கு அமுங்குகிறது, சீவினால் டூல் தலையாட்டுகிறது. ஒரே தகடாக, கெட்டியாக ஒன்று வேண்டும். வெள்ளி காலை வரை வீடு முழுக்கத் தேடினேன்.

ஷோகேஸில் இருந்தது!

ரெஜினாவின் தாத்தா, தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பெரிய கங்காணி. தோட்டத்துத் துரை கொடுத்ததாம், இடுப்பு வாரில் மாட்டுகிற நீளமான பித்தளைத் தகடு, பெயர் பொறித்தது. மச்சான் வீட்டு அலமாரியில் கறையான் தொல்லை என்று எங்கள் வீட்டில் வெல்வெட் துணிமேல் வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தேன். சரியாக இரண்டு மில்லிமீட்டர்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் தாத்தா அதே தோட்டத்தில், அதே கங்காணிக்குக் கீழே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அவருக்கு யாரும் தகடு கொடுக்கவில்லை. அவர் பெயரை இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதுமில்லை. முப்பது வருடமாக அது எனக்கு வலிக்கிறது. ஆகவே தகட்டை டூலுக்கு அடியில் வைத்து இறுக்கியபோது, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன்.

ரூலர் நேராக நின்றது. மெஷின் முனகக்கூட இல்லை. மரை வெட்டியாயிற்று, இனி முகப்பைச் சீவுகிற கடைசி வேலை மட்டும்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் மச்சானின் குரல்.

"தங்கச்சி, தாத்தா தகட்ட எடு. நாளைக்கு சம்பந்தி வீட்டாளுங்ககிட்ட காட்டணும்."

ஷோகேஸ் கதவு திறக்கும் சத்தம்.

"என்னாங்க! தகட்ட காணோமே!"

"எங்கிட்டதான் இருக்கு. பொலிஷ் பண்றேன்."

மச்சான் நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். இப்போது டூலைக் கழற்றினால் அமைப்பெல்லாம் போய்விடும். உள்ளூர் கடைகளில் இந்தத் திருகாணி கிடையாது. நாளை விளக்கு நிற்காது. அவருக்கும் மெஷினுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு சீவினேன்.

"மெஷின்லயா மாப்ள பொலிஷ் பண்றீங்க?"

"தூள் பறக்குது மச்சான், கண்ணுல பட்டுரும். போயி டீ குடிங்க."

போனார். முகப்பு கண்ணாடியாக வந்திருந்தது, நடுவில் பொட்டு இல்லை. அவசரமாகத் தகட்டை உருவினால்... கங்காணியின் பெயருக்குக் குறுக்கே ஆழமாக ஒரு கோடு! டூலின் விளிம்பு பதிந்துவிட்டது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. வெல்வெட் துணியில் சுற்றி, இப்போது பிரிக்கக் கூடாது, காற்றுப்பட்டால் கறுத்துவிடும் என்று சொல்லிக் கையில் கொடுத்தேன்.

மறுநாள் மண்டபத்தில் விளக்கு நிமிர்ந்து நின்றது. ரெஜினா என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. எதிர் மேசையில் மச்சான் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா மொனராகலைக்காரர், கூர்மையான ஆள். தகட்டை வாங்கிப் பார்த்தவர், விரலால் தடவினார். "இது என்னாங்க, பேருக்கு மேல ஒரு கோடு?"

மச்சானும் அப்போதுதான் பார்த்தார். சம்பந்தியிடம் தெரியாது என்று சொல்லலாமா? கௌரவம் என்னாவது?

"அதுங்களா... சிறுத்தை. தேயில மலையில எங்க தாத்தா மேல பாஞ்சிருச்சு. நகம் இந்தத் தகட்டுல பட்டதாலதான் உசுரு தப்பிச்சாரு."

மேசையே வாயைப் பிளந்தது. சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கும் தெரியுமாங்க இந்தக் கத?"

"ஆமாங்க, தெரியாம என்னா? கவ்வாத்துக் கத்தியோட பாஞ்சி அந்தச் சிறுத்தைய வெரட்டினதே எங்க தாத்தாதான். பேரு மாரிமுத்து."

மச்சான் என்னை முறைத்தார். மறுக்க வாய் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார்... மறுத்தால் சிறுத்தையும் சேர்ந்தல்லவா போய்விடும்?

"ஆமா... மாரிமுத்துதான்" என்றார்.

இனி அந்தத் தகட்டை எடுத்துக் காட்டும்போதெல்லாம் அவர் என் தாத்தாவின் பெயரையும் சொல்லியாக வேண்டும்!