நாற்பது மீட்டரில் ஒரு நீண்ட ஓசை

முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற இக்னேஷியஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் அந்த விஷயம் அவரைப் பொறுத்தவரை முடிந்தது. சாந்தோமில் மொட்டை மாடியெங்கும் ஆன்டெனா கம்பி கட்டி, அமெச்சூர் ரேடியோவில் தினமும் காலை எட்டு மணிக்கு வேலூர் அனந்தராமனைக் கூப்பிடுவார். பேச்செல்லாம் கிடையாது, தந்திச் சாவியைத் தட்டி, குட்டையும் நீளமுமான ஓசைகளால் மோர்ஸில்தான் அரட்டை. அனந்தராமன் இதய நோயாளி, தனிக்கட்டை. பதில் வராவிட்டால் அவருடைய பக்கத்து வீட்டு ஷஃபியுல்லாவுக்கு உடனே போன் போட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அந்த வாரம் சூரியன் சும்மா இருக்கவில்லை. மூன்று நாள் காலையில் வெடித்தது. அப்படி வெடித்தால் வானத்து மின்னடுக்கு கெட்டியாகி, அவர்கள் அரட்டையடிக்கும் நாற்பது மீட்டர் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். அது சரியாவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். மூன்று நாளும் இக்னேஷியஸ் பதறிப்போய்ப் போன் போட்டார், ஷஃபியுல்லா ஓடிப்போய்க் கதவைத் தட்டினார், அனந்தராமன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"சூரியன் தும்மினா என் கதவைத் தட்ட ஆள் அனுப்புவீரா? வாத்தியாருக்கு இதுகூடவா தெரியாது?" என்று போனிலேயே கேட்டுவிட்டார். இக்னேஷியஸுக்கு அது சுருக்கென்று தைத்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மறுபடி வெடிப்பு. வழக்கமான இரைச்சல்கூட அடங்கி ரேடியோ செத்துக் கிடந்தது. அந்த அமைதிக்கு அடியில் மட்டும் ஏதோ ஓர் ஓசை. விட்டுவிட்டு வரவில்லை; ஒரே சுருதியில், நீளமாக, யாரோ மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. இக்னேஷியஸுக்குக் கை ரோமம் சிலிர்த்தது. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். ஓசை அப்படியேதான் இருந்தது.

காபி கொண்டுவந்த மனைவி மர்சலின் கதவருகிலேயே நின்றுவிட்டாள். "இன்னாங்க இது, கேக்கவே பயமா இருக்கு. எதுக்கும் ஒரு போன் போட்டுடுங்களேன்."

"எல்லாம் சூரியன் பண்ற வேலைம்மா. பத்து மணிக்குச் சரியாயிடும்."

அந்த ஓசைக்கும் ஒரு காரணம் வேண்டுமே; குறிப்பேட்டில் 'யாரோ செய்யும் தொந்தரவு' என்று எழுதினார். ஆனாலும் ரேடியோவை அணைக்க மனம் வரவில்லை, உட்கார்ந்தே இருந்தார்.

பத்து மணிக்கு, அவர் சொன்ன மாதிரியே, அலைவரிசை திரும்பியது. கொழும்பு கேட்டது, கோவை கேட்டது. அந்த ஓசை மட்டும் போகவில்லை. நடுக்கம் தெளிந்து முழுசாக எழுந்தது. அதனுள்ளே வண்டு முரல்வதுபோல் ஒரு ரீங்காரம். அனந்தராமன் கையால் செய்த டிரான்ஸ்மிட்டரைத் தவிர அந்தக் கோளாறு உலகத்தில் எதற்கும் கிடையாது. சாவியை அழுத்திய கையை எடுக்காவிட்டால்தான் ஓசை இப்படி நீளும்.

இக்னேஷியஸ் ஷஃபியுல்லாவைக் கூப்பிடப் போனை எடுத்தார். "கதவை உடைங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஒரு காதில் போன், எதிரே ரேடியோ. கதவு பெயர்ந்து விழும் சத்தம் போனில் கேட்டது.

"சார், மேசை மேலயே கவுந்து கிடக்கறாரு."

ரேடியோவில் ஓசை சட்டென்று நின்றது. அந்தக் கையைத் தூக்கிவிட்டார்கள்.

"உயிர் இல்ல சார்" என்றார் ஷஃபியுல்லா. "ஆனா உடம்பு இன்னும் சூடா இருக்கு. இப்பதான் போயிருக்கணும்."