ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னால

இதே விஷயத்துக்காக ஏற்கெனவே ஒரு தடவை இந்தச் சபையில எழுந்து நின்னு சாட்சி சொல்லியிருக்கேன். அது தப்பான சாட்சி. அதை முதல்ல சொல்லிடறேன்.

மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் செய்யற கம்பெனியில எனக்கு க்வாலிட்டி செக்கிங் வேலை. எந்தப் பார்ட்டையும் மூணு தடவை அளக்காம பாஸ் பண்ண மாட்டேன். லைன்ல என்னை 'சந்தேக சார்'னுதான் சொல்லுவாங்க. என் மனைவி ஜெசி, சேலையூர்ல ஒரு ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் டீச்சர்.

போன வருஷம் ஜூலையில ஜெசி கழுத்துல ஒரு கட்டி. தைராய்டுன்னாங்க. ஊசி போட்டு சாம்பிள் எடுத்தாங்க. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கல. இவ இல்லாம எப்படின்னு ஒரே யோசனை. சனிக்கிழமை லேபுக்குப் போன் போட்டேன். எடுத்தவங்க, "பயப்படற மாதிரி தெரியல சார், முழு ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும்"னாங்க. எனக்கு முதல் பாதிதான் காதுல விழுந்துச்சு.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில, சாட்சி நேரத்துல மைக்கை வாங்கினேன். கர்த்தர் கட்டியைக் கரைச்சிட்டார்னு சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னீங்க. ஜெசி பக்கத்துல இருந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "ஏங்க, கட்டி அப்படியேதான் இருக்கு"ன்னா. நான் கேக்கல. ஒரு நட்டை மூணு தடவை அளக்கறவன், பொண்டாட்டி உயிர் விஷயத்தை ஒரு போன் கால்ல பாஸ் பண்ணிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் உக்கார வச்சு சொன்னார். கேன்சரா இருக்கலாம், ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும்னார். குரல் போறதுக்கும் கொஞ்சம் வாய்ப்பு இருக்குன்னார். அதைக் கேட்டதும் ஜெசி கையால கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டா. அவளுக்குக் குரல்தானே வேலை.

இனிமே சபையில எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுங்கன்னு கேக்கறது? நன்றி சொல்லி முடிச்சாச்சே. ரெண்டு ஞாயிறு வாயைத் திறக்கல. "பிரதர், உங்க சாட்சி ரொம்ப பலமா இருந்துச்சு"ன்னு கை குடுத்தீங்க. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன். கம்பெனி பஸ்ல போகும்போது ஜெபம் பண்ணினேன். ஜெசி சுகத்துக்காக மட்டும் கேட்டேன்னு சொன்னா பொய். என் பேர் கெட்டுடக் கூடாதுன்னும் சேர்த்துத்தான் கேட்டேன்.

நான் இன்னும் சபையில உண்மையைச் சொல்லலைன்னு ஜெசிக்குத் தெரிஞ்சுபோச்சு. சபையில ஒரு அக்கா அவகிட்ட, "சுகமாயிடுச்சாமே"ன்னு கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டே கேட்டா.

"இன்னும் யாருக்கும் சொல்லலையா நீங்க?"

"எப்படிச் சொல்றது ஜெசி?"

"சாட்சி சொன்னது நீங்க. ஆபரேஷன் எனக்கு. உங்க மானத்துக்காக எனக்கு வர வேண்டிய ஜெபத்தை நிறுத்தாதீங்க."

மறுபடி பீன்ஸை நறுக்க ஆரம்பிச்சா. நான் அழுதேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்தேன். சொன்னது தப்பு, கட்டி இருக்கு, எனக்குப் பயமா இருக்குன்னேன். பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆன நம்ம சாமுவேல் அண்ணன்தான் முதல்ல எழுந்து வந்தார். "அவசரப்பட்டு ஸ்தோத்திரம் சொல்லிட்டே, அவ்ளோதானே தம்பி. அதை ஆண்டவர் வேணாம்னு திருப்பியா குடுப்பார்? வா, முழங்கால் போடு"ன்னார். நீங்க எல்லாரும் சுத்தி வந்து ஜெபிச்சீங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில இருந்து நம்ம அக்காமாருங்க ஆளுக்கு அரை மணி நேரம்னு முறை வச்சு ஜெபிச்சாங்க. நான் தியேட்டர் வாசல்ல உக்காந்திருந்தேன். ஆண்டவரே, என்ன ஆனாலும் எங்களை விட்டுடாதீங்கன்னு மட்டும் கேட்டேன். மனசு அமைதியா இருந்துச்சு. எனக்கே சந்தேகம். நாடியைப் பிடிச்சுப் பார்த்தேன். மூணு தடவை. சரியாத்தான் இருந்துச்சு.

மயக்கம் தெளிஞ்சு ஜெசி கண்ணைத் திறந்தா. குனிஞ்சு காதை வச்சேன். கரகரன்னு ஒரு குரல், "ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் குடுத்தீங்களா?"

வாழ்க்கையில அவ்ளோ சந்தோஷமா ஒரு திட்டு வாங்கினதில்ல. குடுக்க மறந்துட்டேன்.

கட்டி கரையல. டாக்டர்தான் எடுத்தார். அது கேன்சர்தான். ஆனா சின்னது, பரவல. தினமும் காலையில ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். ஜெசி மறுபடி மூணாங்கிளாஸ்ல சத்தம் போட்டுக்கிட்டு இருக்கா. ஸ்தோத்திரம்.

இந்த வாரமும் டெஸ்ட் எடுத்திருக்கோம். ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும். என்ன வரும்னு தெரியாது, நான் போன் போட்டும் கேக்கல. ஆனா அந்தத் தியேட்டர் வாசல்ல கிடைச்ச சமாதானம் இன்னும் என்கிட்ட இருக்கு. அதுக்கு இன்னிக்கே நன்றி சொல்லணும்னு தோணுச்சு. உங்கள்ல யாராவது இப்படி ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தா, என்னை மாதிரி மறைக்காதீங்க. பயத்தைப் பயம்னே சொல்லி ஆண்டவர்கிட்ட குடுங்க. எங்ககிட்டயும் சொல்லுங்க, கூட முழங்கால் போடறோம்.

ஜெசி பக்கத்துலதான் உக்காந்திருக்கா. இந்தத் தடவை சட்டையைப் பிடிச்சு இழுக்கல.