பஸ்ஸில் ஏறாத மாணவி

குப்பைக் கிடங்கின் பின்பக்கக் கொட்டகையில் வரிசையாக நீலப் பீப்பாய்கள் நிற்கும். எதில் என்ன விஷம் இருக்கிறது என்று பொடி எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். குப்பை பிரிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அதை வாசிக்க வராது. அவர்களில் மூத்தவரான பெரியக்கா ஒரு நாள் தெரியாமல் ஒரு மூடியைத் திறந்து, மணிக்கட்டில் தோல் உரிந்து ஒரு வாரம் வீட்டில் கிடந்தார். திரும்பி வந்து பார்த்தால், ஒவ்வொரு பீப்பாயிலும் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம். ஒன்றில் நெருப்புப் பிடித்த கை. இன்னொன்றில் மூக்கைப் பொத்திக்கொண்ட முகம். ஆபீஸில் யாருக்கோ நல்ல புத்தி வந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். எட்டு மாதம் கழித்துத்தான், எடைமேடைக்காரியின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் அதே முகத்தைப் பெரியக்கா பார்த்தார்.

"நீயாடி வரைஞ்சே?"

"மழைக்கு ஒட்டு விட்டுச்சுன்னா சொல்லுக்கா, வேற ஒட்டறேன்" என்றாள் அவள். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவிடவில்லை.

கிடங்குக்கு வரும் வண்டி எதுவானாலும் முதலில் எடைமேடையில் ஏற வேண்டும். உள்ளே போகும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை. மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அதில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து எடைச்சீட்டு கிழித்துக் கொடுத்தவள் அவள். லாரியின் டயர் அமுங்குவதைப் பார்த்தே ஈரக் குப்பையா, கட்டட இடிபாடா என்று சொல்லிவிடுவாள். முப்பத்தெட்டு வயதில் மாலை நேரக் கல்லூரியில் சேர்ந்தாள். அன்றிலிருந்து டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் டிகிரி.

"டிகிரி! இன்னிக்கு எத்தனை டிகிரி வெயிலு?"

"உன் மண்டைக்குள்ள காத்தோட்டமாத்தானே இருக்கு, உனக்கென்ன கவலை? வண்டிய எடு."

சிரிப்புக்காக அவள் படிக்கவில்லை. சூப்பர்வைசர் ஓய்வு பெறப்போகிறார், அந்த நாற்காலிக்குப் பட்டம் வேண்டும் என்று சட்டம். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்துவிடும் மனிதர். அந்த நேரத்தில் எந்த லாரி எங்கே கொட்ட வேண்டும், எந்தக் குவியலில் புகை வருகிறது என்று பார்த்ததெல்லாம் டிகிரிதான். வேலை அவளுடையது, நாற்காலி மட்டும் வேறு ஆளுடையது. அதை நேர் செய்யத்தான் நான்கு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். தையல் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர் சாயங்காலம் மிஷினை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அவள் எடுத்த பாடம் நிர்வாகம். ஆனால் எந்தப் பாடம் எடுத்தாலும், பட்டம் வேண்டுமென்றால் எல்லோரும் சில பொதுப் பாடங்களிலும் தேறியாக வேண்டுமாம். மொழி, வரலாறு, கம்ப்யூட்டர், சுற்றுச்சூழல். பெரியக்காவுக்கு அது பிடித்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் டிகிரி வரலாற்றுப் புத்தகத்தை வாசிக்க, சோற்றுக் கையோடு வாய் பிளந்து கேட்பார். நாலும் தெரிந்திருந்தால்தானே மனுஷி, கடவுள் கண்ணைக் கொடுத்தது எதற்கு என்பார்.

சுற்றுச்சூழல் பாடத்தில்தான் வினை வந்தது. பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, கழிவு சேரும் இடம் ஒன்றை நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். விரிவுரையாளர் தேர்ந்தெடுத்த இடம் இதே கிடங்கு, இதே எடைமேடை. சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அன்று மாற்று ஆளுக்குக் காய்ச்சல், டிகிரிக்கு லீவு கிடைக்கவில்லை.

"சார், அன்னிக்கு நான் அங்கேயேதான் இருப்பேன்" என்றாள் விரிவுரையாளரிடம்.

"நல்லதாப் போச்சும்மா" என்றார் அவர்.

பத்து இருபதுக்குக் கல்லூரி பஸ் வந்தது. டிகிரி அதை எடை போட்டு, சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மாஸ்க் பெட்டியோடு கீழே இறங்கினாள். சூப்பர்வைசர் ஆளைக் காணோம். நாற்பது பேரை அவளே கூட்டிக்கொண்டு போனாள். குப்பைக்குள் சூடு எப்படி ஏறுகிறது, கசியும் கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது, ஊசியும் கண்ணாடியும் யார் கையைக் கிழிக்கின்றன என்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் 'ஏம்மா' என்று கூப்பிடும் விரிவுரையாளர் அன்று 'மேடம்' என்றார். குப்பை பிரிக்கும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற பெரியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரிசல்ட் வந்தது. எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்றொன்று. நேரில் பார்த்துவந்ததற்கான இடத்தில் 'வரவில்லை'. அதனால் அந்தப் பாடம் தேறவில்லை. ஒரு பொதுப் பாடம் நின்றாலும் பட்டம் கிடையாது.

டிகிரி கல்லூரிக்கு நியாயம் கேட்கப் போனபோது, சாட்சி சொல்லப் பெரியக்காவும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். போகும் வழியெல்லாம், கடவுளே, என் நாக்கைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டுதான் போனார்.

கல்லூரி ஆபீஸ் கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். "வருகை பஸ்ல ஏறும்போது எடுத்தது. நீங்க பஸ்ல ஏறலயே?"

"எங்க போகணுமோ அங்கயே இருந்தேன் சார். எதுல ஏறணும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ரெக்கார்டு இல்லயே."

டிகிரி பையிலிருந்து எடைச்சீட்டின் நகலை எடுத்து வைத்தாள். பஸ் நம்பர், நேரம், எடை, கீழே அவளுடைய கையெழுத்து.

கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பஸ் வந்ததுக்கு ஆதாரம். நீங்க வந்ததுக்கு இல்ல."

அங்கேதான் பெரியக்காவின் நாக்கு காவலை மீறியது. "ஏன் சார், பஸ்ஸு தானா வந்து தானா எடை போட்டுக்கிச்சா? அது கையெழுத்தும் போடுமா? அப்ப அந்த பஸ்ஸுக்கே டிகிரி குடுத்துடுங்க!"

"அம்மா, சத்தம் போடாதீங்க."

"நாப்பது பேரும் எழுதுனது இவ வாயிலேருந்து வந்தது. கேட்டவங்கள்லாம் பாஸு, சொன்னவ ஃபெயிலா? உங்க வீட்டுக் குப்பையும் எங்க பெல்ட்டுக்குத்தான் சார் வருது. நாங்க என்னிக்காவது 'நீ எந்த வண்டியில வந்தே'ன்னு அதைக் கேட்டிருக்கோமா?"

விரிவுரையாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்மா, நீங்கதான் விளக்கம் குடுத்தீங்க. ஆனா பதிவேட்ட இனிமே திருத்த முடியாது. அடுத்த வருஷம் திரும்ப எழுதிக்குங்க" என்றார். அவர் கெட்டவரில்லை. தெரிந்ததைத் தெரியும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட மட்டும் அவருக்குத் துணிவில்லை. பயந்த நல்லவர்களால் எத்தனை பேர் வயிறு எரிந்திருக்கிறது என்று கடவுளிடம் கணக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது பெரியக்காவுக்கு. அன்று ராத்திரி பிரார்த்தனை செய்யாமலே படுத்துவிட்டார்.

சூப்பர்வைசர் நாற்காலி ஒரு வருஷம் காத்திருக்குமா? அந்த பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவருக்கே அது போனது. பட்டம் அவருக்கு நேரத்துக்கு வந்துவிட்டது. முதல் நாளே நேராக எடைமேடைக்கு வந்து, "மேடம், அன்னிக்கு நீங்க சொன்னதத்தான் இன்டர்வியூல அப்படியே சொன்னேன். ரொம்ப தேங்க்ஸ்" என்றார் வெள்ளை மனதோடு. டிகிரி சிரித்தாள். அவர் போன பிறகு வெகுநேரம் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்று டிரைவர்கள் யாரும் அவளைச் சீண்டவில்லை.

மறுவருஷம் கிடங்கைப் பார்க்கக் குறித்த நாளில் அவள் லீவு போட்டாள். விடிந்ததும் வேலை இடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய், பஸ்ஸில் ஏறி, பெயர் சொல்லி, அதே பஸ்ஸில் தன் வேலை இடத்துக்கே திரும்பி வந்து இறங்கினாள். கேட்டில் வாட்ச்மேன் பார்வையாளர் நோட்டை நீட்டினார்.

"பேரு, எங்கேருந்து வர்றீங்க, என்ன விஷயமா வந்தீங்க... எல்லாம் எழுதும்மா" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கர்மம்!"

புது சூப்பர்வைசர் விளக்கம் சொல்லத் தொடங்கி, கறுப்புத் தண்ணீர் போகும் குழாய்க்குப் பக்கத்தில் தடுமாறி, வரிசையில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். மீதியை அவள் வரிசையில் நின்றபடியே சொல்லி முடித்தாள். இந்த முறை பதிவேட்டில் 'வந்தார்' என்று விழுந்தது. அவள் சொன்னதில் போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஒரு சொல் வித்தியாசம் கிடையாது, பெரியக்கா இரண்டையும் கேட்டவர்.

பட்டம் கைக்கு வந்தபோது இங்கே அவளுக்கு ஏற இடமில்லை. தொலைவில் இன்னொரு ஊரின் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் தையல் மிஷினைக் கழற்றிக் கட்டினார். கடைசி நாள், வேலை முடிந்ததும் டிகிரி பெல்ட்டுக்கு வந்தாள். பெரியக்கா கையுறையைக் கழற்றிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். உன்னை இங்கேயே அந்த நாற்காலியில் உட்கார வைக்கத் துப்பில்லாமல் போச்சே என்று அரற்றினார்.

டிகிரி அழவில்லை. அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அடுத்த வருஷம் காலேஜ் பஸ் வந்தா, நம்ம ஆளுங்க யாரு பேராவது லிஸ்ட்ல இருக்கான்னு கேளு. இருந்தா, கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் அந்த பஸ்ல ஏத்திவிட்டு, ஒரு சுத்து சுத்தி இங்கயே இறக்கிவிடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."