நாலேகாலுக்கு விழும் டிரிப்பர்

காக்களூர் தொழிற்பேட்டையில் மின்பலகைகள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் கிரேஸுக்கு வேலை. செய்து முடித்த பலகைகளைச் சோதிப்பதும், சரியில்லாததைத் திருப்பி அனுப்புவதும்தான் அவள் பொறுப்பு. பதினாறு வருடமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதால், அவள் எழுந்து வருவதைப் பார்த்தாலே அங்கே ஆண்கள் தங்கள் வேலையை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவள்ளூர் டவுனில் வீட்டு ரிப்பேருக்கும் போவாள். பையோடு வாசலில் வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து, "எலெக்ட்ரீஷியன் பின்னாடி வராரா?" என்று கேட்காத வீடு குறைவு. "முன்னாடியே வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. பொய் சொல்ல வராது. ஒரு புதுமனை புகுவிழாவில் சொந்தபந்தம் எல்லாம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்காரர் பெருமையாக "ஒயரிங் எப்படிம்மா?" என்று கேட்டார். "எர்த் ஒயரு செவுத்துக்குள்ள போவுது சார். ஆனா எங்கியும் போய்ச் சேரல" என்றாள். வீட்டைக் கட்டிய மேஸ்திரி பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த மார்கழியில் கோயில் பக்கத்துத் தெருவிலிருந்து ஸ்ரேயா என்ற பெண் போன் செய்தாள். ஒரு வாரமாகத் தினமும் விடிகாலை நாலேகாலுக்கு டிரிப்பர் விழுந்து வீடே இருண்டுவிடுகிறதாம். அவளுக்கு வீட்டிலிருந்தே அமெரிக்கக் கம்பெனி வேலை. தினமும் அதே நிமிடத்தில் வைஃபை போய் மீட்டிங்கிலிருந்து அவள் காணாமல் போவதை, அங்கிருக்கும் மேலதிகாரி ஏதோ மார்கழி வழிபாடு என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, ஒன்பது மணிக்கு கிரேஸ் போனாள். வீட்டில் மூன்று பேர். ஸ்ரேயா, அவளுடைய மாமியார் ஹேமாம்புஜம், மாமனார் ராமஸ்வாமி. ஸ்ரேயாவின் கணவன் அச்சுத்துக்கு பெங்களூரில் வேலை. ராமஸ்வாமி கோயிலில் பாராயணம் சொல்கிறவர். அறுபத்தெட்டு வயதிலும் மார்கழி விடியலில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர் என்று அந்தத் தெருவில் அவருக்குத் தனி மதிப்பு உண்டு. அதை அவரே கிரேஸிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"கோபால்னு ஒருத்தர் வந்து எல்லாத்தையும் பார்த்தார். டிரிப்பர்தான் கெட்டுப்போயிருக்கு, அதைக் கழட்டிட்டு லைனை நேரா கொடுத்துடலாம்னார்" என்றாள் ஸ்ரேயா.

"நானும் கழட்டிடச் சொல்லிட்டேன்" என்றார் ராமஸ்வாமி அவசரமாக. "நாளைக்கு வரார்."

கிரேஸுக்குக் கோபம் வந்தது. "நாய் குரைக்குதுன்னு அது வாயைக் கட்டிட்டா, திருடன் போயிடுவானா சார்? கரண்டு எங்கியோ லீக் ஆவுது. அதான் விழுது. தினம் விழுதா?"

"வியாழக்கிழமை மட்டும் விழலை" என்றாள் ஸ்ரேயா.

"அன்னிக்கு ஊட்ல யாரு இல்ல?"

"இவர்தான் காஞ்சிபுரம் போயிருந்தார்" என்றாள் ஹேமாம்புஜம்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ராமஸ்வாமி.

கிரேஸ் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டாள். கம்பெனியில் கேட்டு வாங்கி வந்திருந்த மெகர் என்ற கருவியால் பிரிட்ஜைச் சோதித்தாள். சரியாக இருந்தது. கிரைண்டர், தண்ணீர் மோட்டார், பூஜை அறையில் மின்னும் சீரியல் விளக்கு, எதிலும் கசிவு இல்லை. குளியலறை ஒன்றுதான் பாக்கி.

"அங்க கீசர் இருக்குதா மாமி?"

"இருக்கு. அச்சுத் வந்தா போடறதுக்கு. ஆறு மாசமா அதை யாரும் தொடலை. எனக்கு அடுப்பு வெந்நீர், இவளுக்கு மத்தியானக் குளியல், இவருக்குத்தான் பச்சைத் தண்ணியாச்சே."

கிரேஸ் குளியலறைக்குப் போனாள். ராமஸ்வாமியும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டார். அவள் கீசர் குழாயைத் திறந்து கையை நீட்டினாள்.

"சார், தண்ணி வெதுவெதுன்னு வருதே."

"வெயில் பட்டிருக்கும்."

கிரேஸ் சுற்றிப் பார்த்தாள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே பனிகூட இன்னும் முழுசாக விலகவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கதவைப் பாதி சாத்தினார்.

"போன வருஷம் வரைக்கும் சத்தியமா பச்சைத் தண்ணிதாம்மா" என்றார் தணிந்த குரலில். "இந்த வருஷம் முதுகுல ஊத்திண்டா மூச்சே நின்னுடறது. ஊரெல்லாம் சொல்லியாச்சு, இனிமே எப்படி மாத்தறது? முந்தாநாள்கூட கோயில்ல ரெண்டு பேருக்கு அரைமணி நேரம் உபதேசம் பண்ணினேன்."

"இன்னா சொன்னீங்க?"

"வெந்நீர்ல குளிச்சா சோம்பல் வரும்னு."

கிரேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீசரைப் போட்டாள். கோபாலும் இதைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை என்றார் ராமஸ்வாமி. எவ்வளவு நேரம் என்று கேட்டாள். இரண்டு நிமிடம் என்றார். அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டே பார்த்தார். ஒன்பதாவது நிமிடத்தில் கூடத்தில் 'டப்' என்றது. குளியலறை இருண்டது.

"இதான் சார். நீங்க தெனமும் இருட்டானதும் சுவிட்சை ஆப் பண்ணிடுறீங்க. மருமக வந்து டிரிப்பரைத் தூக்கிவுட்டா நிக்குது. அதான் யாரும் கண்டுபிடிக்கல."

கீசரைக் கழற்றி உள்ளே இருந்த எலிமென்ட்டை வெளியே எடுத்தாள். போர்வெல் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்பு பூசியதுபோல அதில் படிந்திருந்தது. உப்பைச் சுரண்டியதும் அடியில் முடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது.

"ஜில்லுனு இருந்தா மூடிக்கும். சூடானா வாயைத் தொறக்கும். அப்ப கரண்டு தண்ணியில எறங்குது."

"நான் அது கீழதானே குளிச்சிண்டிருந்தேன்?"

"ஆமா சார்."

"டிரிப்பர் இல்லேன்னா?"

கிரேஸுக்குப் பொய் சொல்ல வராது. "உங்க மேலதான் வந்திருக்கும்" என்றாள். ராமஸ்வாமி அவள் எழுந்த வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

கூடத்திலிருந்து ஹேமாம்புஜத்தின் குரல் வந்தது. "என்னம்மா, கண்டுபிடிச்சாச்சா?"

"கீசர்தான் மாமி."

"யாருமே போடாத கீசர் எப்படிம்மா டிரிப் ஆகும்?"

ராமஸ்வாமி இரண்டு கைகளையும் கூப்பினார். கிரேஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. எலிமென்ட்டைக் கையில் பிடித்தபடி, "அது... சுவிட்சு போட்டாத்தான் ஓடும் மாமி" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஹேமாம்புஜம் குளியலறை வாசலுக்கே வந்து நின்றாள்.

"ஏன்னா, எழுந்திருங்கோ. வாளி உடைஞ்சுடப் போறது" என்றாள் நிதானமாக. "மார்கழி ஒண்ணாந்தேதிலேருந்தே எனக்குத் தெரியும். பச்சைத் தண்ணில குளிச்சவர் மேலேருந்து ஆவி பறக்குமா? நீங்களா சொல்லட்டும்னு காத்துண்டிருந்தேன்."

"அப்போ என் மீட்டிங்?" என்றாள் பின்னால் நின்ற ஸ்ரேயா.

"அது இதனாலன்னு எனக்கென்னடி தெரியும்? கரண்டு சமாசாரம் நான் என்ன கண்டேன்?"

கோபாலை வரவேண்டாமென்று அந்த நிமிடமே போனில் சொன்னது ராமஸ்வாமிதான். மறுநாள் கம்பெனி முடிந்ததும் கிரேஸ் புது எலிமென்ட் போட்டு, அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். டிரிப்பர் அசையவில்லை. வெந்நீர் சுடச்சுட வந்தது. ராமஸ்வாமி அதில் விரலை வைத்துப் பார்த்து, குழந்தைபோலச் சிரித்தார். ஹேமாம்புஜம் அவளுக்கு டிபன் டப்பா நிறைய வெண்பொங்கல் கட்டிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, புதிய நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ரகசியக் குரலில் பேசினார்.

"ராமஸ்வாமி சொன்னார். எங்காத்துலயும் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் உப்பு எடுத்துடணும். மத்தியானமா வாங்கோ, தெருவுல ஆள் நடமாட்டம் இருக்காது. பை சின்னதா இருந்தா தேவலை."

மார்கழி முடிவதற்குள் அந்தத் தெருவில் கிரேஸ் இன்னும் ஏழு கீசர் பார்த்துவிட்டாள். ஏழு வீட்டிலும் அது, மாப்பிள்ளை வந்தால் மட்டும் போடுவது.